மழைக்கறைக்குப் பின்னால் ஒரு கோபுரம்

ரங்கூனில் எங்கள் அப்பாயி வீட்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மில்லே வரைந்த ‘ஏஞ்சலஸ்’ ஓவியத்தின் அச்சுப்படம் தொங்கியது. பிரெஞ்சுச் சாமியார் யாரோ கொடுத்ததாம். அந்தி நேரம், வெட்டவெளி நிலம், ஓர் ஆண், ஒரு பெண். தலை குனிந்து நிற்கிறார்கள். காலடியில் கூடை. குழந்தையைப் புதைத்துவிட்டு நிற்கிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகம் இருட்டு, அழுகிறார்களா, தெரியாது. அந்த ஆளின் கையையே பார்ப்பேன். கழற்றிய தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்திருப்பது போல இருக்கும்.

பல வருடம் கழித்து ஃபோனில் அதே படத்தைப் பார்த்தால், வலது பக்கம் அடிவானத்தில் ஒரு கோயில் கோபுரம்! எங்கள் படத்தில் சரியாக அந்த இடத்தில் மழைக்காலத்து ஈரம் ஏறிப் பழுப்புக் கறை. கோபுரம் இல்லாமல் மணி எங்கே, மணி இல்லாமல் செபம் எங்கே? கூடையில் இருப்பது உருளைக்கிழங்கு. மாலை மணி கேட்டுத் திரிகால செபம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்போது கத்தோலிக்கர்கள் சொல்லும் அந்தச் செபத்தின் பெயர்தான் ஏஞ்சலஸ். ஆறு மணிக்கு அடுப்பை விட்டு எழுந்து அப்பாயி செய்ததும் அதேதான்.

அப்புறம் படித்தபோது, ஓவியர் டாலியும் என் கட்சி என்று தெரிந்தது. இது சாவுப் படம் என்று அவர் அடம்பிடிக்க, 1963இல் எக்ஸ்ரே எடுத்தார்கள். கூடைக்கடியில் பெட்டி மாதிரி கறுப்பாக ஒரு வடிவம். அதைச் சவப்பெட்டி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மில்லே 1865இல் எழுதியிருக்கிறார்: வயலில் மணி கேட்டால் பாட்டி வேலையை நிறுத்தச் சொல்லி, செத்துப்போனவர்களுக்காகச் செபிக்க வைப்பாராம், அந்த நினைவில் வரைந்த படம். அப்படியானால் அந்தத் துக்கம் நானாகக் கற்பனை செய்ததில்லையே.

இதைப் படித்துவிட்டு, பர்மாவின் பெகுவிலிருந்து ஒருவர்:
எங்கள் தாத்தாவின் டீக்கடையிலும் இதே படம் உண்டு தம்பி. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். செபம், மணி எல்லாம் யாருக்குத் தெரியும்? கடைக்கு வரும் வயல்காரர்கள், “விளைச்சல் சரியில்லை போல, பாவம்” என்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் மூட்டை இருக்கிறதே, அதை ஒருத்தரும் கவனித்ததில்லை.

முதலில் எழுதியவர்:
அண்ணே, மூட்டையா? இருங்கள், படத்தைத் திரும்பப் பார்க்கிறேன்.