மோரிஸ் மைனர் 1000: மிதவை அறையிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (லெனேசியா, ஜொகன்னஸ்பர்க்)

வணக்கம். டர்பனில் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் தாய்மாமா ஓட்டிவந்த மோரிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது எஸ்யூ எச்எஸ்2 கார்புரேட்டர். கடற்கரையில் குறையில்லாமல் ஓடிய வண்டி, இங்கு வந்தபின் கறுப்பாகப் புகைக்கிறது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளிலும் கரி படிகிறது. சாவியைத் திருப்பியதும், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் வழிவுக் குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. உயரமே காரணம், கலவைத் திருகை ஏற்றிப் பெட்ரோலைக் குறைத்தால் போதும் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஏற்றிவிடலாமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, அந்தத் திருகில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஜொகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கலவையில் பெட்ரோல் சற்று மிகும் என்பது உண்மையே. ஆனால் உயரம் எந்தக் கார்புரேட்டரையும் சொட்ட வைக்காது. அந்த எஞ்சினில் கார்புரேட்டருக்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது, சொட்டு அதில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். சொட்டு நிற்கும்வரை தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள்.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மின்சாரப் பெட்ரோல் பம்பின் ஓசையைக் கேளுங்கள். மிதவை அறை நிறைந்ததும் அது அடங்க வேண்டும். சொட்டிக்கொண்டே டிக் டிக் என்று தொடர்ந்தால், அறைக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு மூடவில்லை என்று பொருள். மூடியைக் கழற்றி ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் பாருங்கள். தேய்ந்திருந்தால் வளையம்போல் ஒரு பள்ளம் தெரியும். மிதவையைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்பதையும் அறியுங்கள். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளியபின் பெட்ரோலைக் காற்றில் விடும் சிறுகுழாயான ஜெட் மேலேறிக் கலவைத் திருகோடு ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். அது பாதியில் சிக்கிக்கொண்டாலும் இதே கரி படியும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. ஜெட் ஒழுங்காக ஏறுகிறது, மிதவையும் நன்றாக இருக்கிறது. ஊசியின் முனையில்தான் நீங்கள் சொன்ன பள்ளம் இருந்தது. ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றினேன். இப்போது பம்ப் சிறிது நேரத்தில் அடங்குகிறது, சொட்டும் நின்றுவிட்டது. இருந்தாலும் பிளக்குகளில் இலேசான கரி இன்னும் படிகிறது.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இருக்கையையும் மாற்றியது நல்லது. மிச்சமுள்ள கரிக்குத்தான் உயரம் காரணமாக இருக்கலாம். இனி அந்தத் திருகைத் தொடலாம். எஞ்சின் நன்கு சூடானபின், கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அதன் தூக்கு ஊசியால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. உடனே தொய்ந்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. மிகுதியாக இருந்தால் ஆறு முகமுள்ள அந்தக் கலவைத் திருகை ஒரு முகம் மட்டும் மேலேற்றி மீண்டும் சோதியுங்கள். பிஸ்டனின் மேலுள்ள எண்ணெய் குறைந்திருந்தால் வேகமெடுக்கும்போது எஞ்சின் திக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள். கலவை சரியானபின் டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரத்தைக் கவனிக்கலாம். மெல்லிய காற்றில் அதைச் சற்று முன்னகர்த்தினால் ஏற்றத்தில் இழுவை கூடும்.