சிறிய வெப்பக் கட்டுப்பாட்டு வேப் கருவி: அதே 220 டிகிரியில் ஆவி ஏன் மாறி மாறி வருகிறது?

கேள்வி – இளமாறன்

வணக்கம். சிகரெட்டை விட்டு, நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் கருவிக்கு மாறிய நாள் முதல், வாட் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் எளிய கருவி ஒன்றையே பயன்படுத்தி வந்தேன். டேங்கில் திரவம் குறைந்து பஞ்சு காய்ந்துவிட்டால் தொண்டை கமறும்படி ஒரு கருகல் இழுப்பு வரும் அல்லவா, வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவியில் அந்தத் தொல்லை இராது என்று பலரும் சொன்னதால், உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கிச் சோதித்து வருகிறேன். அது 18650 எனும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி ஒன்றில் இயங்குகிறது. அதன் உச்ச அளவு 75 வாட். டேங்கில் உள்ளது 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகாலான 0.5 ஓம் காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்.

வெப்பநிலையை 220 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறேன். காலையில் எடுத்த எடுப்பில் ஆவி மிதமாகவும் சுவை தெளிவாகவும் இருக்கின்றன. ஆனால் பகலில் டேங்கைக் கழற்றித் திரவம் நிரப்பி, மாட்டிய கையோடு இழுத்தால், அமைப்பு எதையும் மாற்றாதபோதும் ஆவி சுடச்சுட, காரமாக வருகிறது. வேறு சில நேரங்களில் இதற்கு நேர்மாறாக, பொத்தானை அழுத்திய மறுநொடியே வெப்ப வரம்பை எட்டிவிட்டதாகத் திரையில் அறிவிப்புத் தோன்றுகிறது. ஆவியோ பெயருக்குத்தான் வருகிறது. ஒரே காயிலுக்கு 0.50, 0.52, 0.53 என ஓம் எண்ணும் மாறி மாறிக் காட்டுகிறது. கருவியே பழுதா, அல்லது நான் பயன்படுத்தும் முறையில் ஏதேனும் திருத்த வேண்டுமா? இந்த முறையில் வாட் அளவை எவ்வளவு வைப்பது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – கதிரொளி

இளமாறன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஓம் எண்களிலேயே விடை இருக்கிறது. கருவி பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வகைக் கருவி காயிலின் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்ற இயல்பை வைத்துச் சூட்டைக் கணக்கிட்டுக்கொள்கிறது. அறை வெப்பத்தில் காயிலின் தடை இவ்வளவு என்று முதலில் ஒரு அடிப்படை எண்ணைக் குறித்துக்கொண்டு, இழுக்கும்போது தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தைக் குறைக்கிறது. நூறு டிகிரி ஏறினால் நிக்கலின் தடை ஏறத்தாழ 60 விழுக்காடும், டைட்டானியத்தின் தடை ஏறத்தாழ 35 விழுக்காடும் கூடும். உங்கள் 316எல் எஃகிலோ ஏற்றம் வெறும் 9 விழுக்காடுதான். காயில் செய்யப் பயன்படும் இரும்புக் கலவையான காந்தால் கம்பியின் தடை அநேகமாக மாறுவதே இல்லை என்பதால் அது இந்த முறைக்கு உதவாது. 2014இல் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 என்ற கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பலகை இந்த வசதியோடு வெளிவந்தபோது நிக்கல் காயிலையே எல்லாரும் நாடியதற்கு, மாற்றம் பெரிதாக இருந்தால் அளப்பது எளிது என்பதே காரணம்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். காயிலின் உண்மையான தடை 20 டிகிரியில் 0.50 ஓம் என்றால், 220 டிகிரியில் அது 0.592 ஓம் ஆகும். அதாவது, இருநூறு டிகிரி வேறுபாடு முழுவதும் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் டேங்கை நிரப்பி உடனே மாட்டும்போது காயில் இன்னும் 60 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது அதன் தடை 0.52 ஓம். கருவி அதையே அறை வெப்ப அளவு என்று பதிந்துகொண்டால், 220ஐ எட்ட 0.616 ஓம் வரை போக வேண்டும் என்று கணக்கிடும். உண்மையில் அந்தத் தடை வரும்போது காயில் 270 டிகிரியில் இருக்கும். திரை காட்டுவது 220, உங்கள் தொண்டை உணர்வது 270.

ஆவி வராமல் போவதற்கும் இதே கணக்குத்தான் காரணம், திசை மட்டும் மாறுகிறது. அடிப்படை எண் 0.50 என்று சரியாகப் பதிந்த பிறகு, டேங்கும் கருவியும் சேரும் 510 இணைப்பு சற்றே தளர்ந்தோ அழுக்கேறியோ 0.03 ஓம் கூடுதல் தடையைத் தந்தால், கருவி அதையும் காயிலின் சூடாகவே எண்ணிக்கொள்ளும்; உண்மையான சூடு 155 டிகிரியில் இருக்கும்போதே 220 வந்துவிட்டது என்று கையை எடுத்துவிடும். வேப் திரவத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்றான புரொப்பிலீன் கிளைக்கால் கொதிப்பதே 188 டிகிரியில் என்பதை நினைத்தால், அங்கே ஆவியை எதிர்பார்க்க இடமில்லை.

ஆகவே டேங்கைக் கருவியிலேயே மாட்டி, அரை மணி நேரமாவது தொடாமல் வைத்து, முழுதும் ஆறிய பிறகு தடையை அளக்கச் செய்து, அந்த எண்ணைப் பூட்டிவிடுங்கள். பூட்டும் வசதி அமைப்புப் பட்டியலில் இருக்கும். பொதுவாக ஓம் எண்ணுக்கு அருகில் பூட்டுக் குறி ஒன்று தோன்றும். டேங்கைக் கழற்றி மாட்டும்போது இது புதிய காயிலா, பழைய காயிலா என்று கருவி கேட்டால், பழையது என்றே சொல்லுங்கள். பலருக்கும் சிக்கல் தொடங்குவது இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்வதால்தான். மேலே திறந்து நிரப்பும் டேங்காக இருந்தால் கழற்றும் வேலையே இல்லை, இந்த முறைக்கு அதுவே பெரிதும் வசதி.

வாட் அளவைப் பொறுத்தவரை, இங்கே அது காயில் எவ்வளவு விரைவாகச் சூடேற வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உங்கள் காயிலுக்கு 25 முதல் 30 வாட் வைத்துத் தொடங்குங்கள். மிகக் குறைத்தால் காயில் வரம்பை எட்டாமலே நிற்கும். மிகக் கூட்டினால் கருவி சுதாரிப்பதற்குள் சூடு வரம்பைத் தாண்டிவிடும்.

இளமாறன்

மிக்க நன்றி, ஐயா. ஆறிய பிறகு அளந்து 0.50 என்று பூட்டிவிட்டேன். சூடு தாறுமாறாக ஏறுவது நின்றுவிட்டது. ஆவி திடீரென நின்றுபோவது மட்டும் அவ்வப்போது தொடர்கிறது. இதையொட்டி இன்னொரு ஐயம்: வெப்பம் கட்டுக்குள் இருப்பதால் இந்த ஆவியில் தீங்கே இல்லை என்று விற்பவர் சொன்னார். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி – கயல்விழி

விற்பவரின் அந்தச் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். வெப்பக் கட்டுப்பாடு ஒரு குறிப்பிட்ட தீங்கைக் குறைக்க உதவுகிறது, அவ்வளவே. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்ற பொருள்களைத் தருகின்றன. பஞ்சு ஈரமாக இருக்கும்வரை திரவம் ஆவியாகும்போதே காயிலின் சூட்டை எடுத்துச் செல்வதால் வெப்பம் ஓரளவு அடங்கியே இருக்கும். பஞ்சு காய்ந்த இடத்தில்தான் சூடு கட்டுமீறும்.

2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் இதனாலேயே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வேப் கருவி ஒன்றை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை என்றும், 5 வோல்ட்டில் இயக்கியபோது அவை கணிசமாக இருந்தன என்றும் அதன் ஆசிரியர்கள் எழுதினர். அந்த 5 வோல்ட் நிலையில் ஆவி சகிக்க முடியாத கருகல் சுவையோடு இருக்கும், மனிதர் எவரும் அதைத் தொடர்ந்து இழுக்கமாட்டார் என்று மறுத்தவர்களும் உண்டு. இரு தரப்பையும் படித்த எனக்குத் தோன்றுவது, சூடு முக்கியம் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடே இல்லை என்பதுதான். எனவே வரம்பு சரியாக வேலை செய்வது உங்களுக்கு நல்லதே. சுவை குன்றாதவரை 200, 210 என்று இறக்கியும் பாருங்கள்.

ஆனால் நிகோடின் நிகோடினாகவே இருக்கிறது, அதன் பிடியை எந்த வெப்பநிலையும் தளர்த்துவதில்லை. சுவையூட்டிகளை ஆண்டுக்கணக்கில் நுரையீரலுக்குள் இழுப்பதன் விளைவும் இன்னும் முழுமையாக வெளிப்படவில்லை. நீங்கள் சிகரெட்டிலிருந்து வெளியேற இதைக் கைக்கொண்டிருக்கிறீர்கள், அதை நான் மனமார வரவேற்கிறேன். அடுத்த படியாக, திரவத்தில் நிகோடின் அளவை மெல்லக் குறைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புகைக்காதவர்கள், அதிலும் இளையோர், இதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

மறுமொழி – செம்பரிதி

ஆவி நின்றுபோவது இன்னும் தொடர்கிறது என்றால், கதிரொளி அவர்கள் சொன்ன 510 இணைப்பைத்தான் நானும் முதலில் பார்ப்பேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்து, கருவியின் நடு முனையையும் திருகு மரையையும் டேங்கின் அடிப்பகுதியையும் துடைத்துப் பாருங்கள். கசிந்து உறைந்த திரவம் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். நன்கு உலர்ந்த பிறகு டேங்கைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் நடு முனை உள்ளே அமுங்கி, தொடர்பு இன்னும் கெடும். டேங்குக்குள் காயில் தளர்ந்து நின்றாலும் இதே அறிகுறிதான் தோன்றும், அதையும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்துக்கொண்டே டேங்கை இலேசாக அசைத்து ஓம் எண்ணைக் கவனியுங்கள். எண் அசையாமல் நின்றால் இணைப்பு சரி. அசைக்கும்போதெல்லாம் 0.02, 0.03 என்று தாவினால், வேறொரு டேங்கை மாட்டிப் பாருங்கள்; அப்போதும் தாவினால் குறை கருவியின் முனையில் இருக்கிறது, அதை விற்ற இடத்தில் மாற்றித் தரக் கேட்பதே முறை.

பேட்டரி குறித்தும் ஒன்று. 30 வாட் என்பது ஒற்றைப் பேட்டரிக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர் சுமை. 75 வாட்டுக்குப் போனால் அது 20 ஆம்பியரைத் தாண்டும். தொடர்ச்சியாக அவ்வளவு மின்னோட்டம் தரக்கூடியது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டுள்ள 18650ஐ மட்டும் போடுங்கள். மேலுறை சிறிது கிழிந்திருந்தாலும் அந்தப் பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள், உதிரியாகப் பையில் சாவிகளோடும் நாணயங்களோடும் போட்டுவைக்கவும் வேண்டாம்.