கானாடுகாத்தான் வீடு: குழுவில் ஒரு ரயில் பேச்சு

மெய்யப்பன் (காலை 7.12)
மாதிரி ரயிலுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வட்டப்பாதை வேண்டாம். இரண்டாங்கட்டுச் சுவரோரமாக நீளப் பலகை. ஒரு முனையில் செட்டிநாடு ஸ்டேஷன், மறுமுனையில் திருமயம். பின்னால் கோட்டை மலையை வரைந்துவிடலாம்.

உமையாள் (7.15)
சுற்றிச் சுற்றி ஓடாதா அம்மான்? 😢

மெய்யப்பன் (7.24)
கணக்கைப் பார் உமையா. நான் செய்யப்போவது மீட்டர்கேஜ் காலம், அதாவது தண்டவாள அகலம் ஒரு மீட்டர். சுலபமாகக் கிடைப்பது ‘N’ ஸ்கேல் என்ற சின்ன மாதிரி அளவுத் தண்டவாளம், அகலம் 9 மி.மீ. ஒரு மீட்டர் 9 மி.மீ. ஆகச் சுருங்கினால் மற்றதெல்லாம் 111-இல் ஒரு பங்கு. அந்தக் காலப் பெட்டி ஏறக்குறைய 20 மீட்டர், நமக்கு 18 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். அப்படியென்றால் 54 செ.மீ. வட்டம் போடப் பலகை 1.2 மீட்டர் அகலம் வேண்டும். சுவர்ப் பக்கம் பெட்டி கவிழ்ந்தால் எப்படி எடுப்பது? கை எட்டுவது முக்கால் மீட்டர்தான்.

நம் வீடே நீளம். அதற்கு நீளப் பாதைதான் பொருந்தும்.

சொக்கலிங்கம் அண்ணன் (7.40)
அதைவிடப் பெரிய எச்ஓ (HO) அளவு வாங்கலாமே தம்பி? சிங்கப்பூரில் நிறையக் கிடைக்கிறது.

மெய்யப்பன் (7.46)
எச்ஓ 87-இல் ஒரு பங்கு அண்ணே, பாதை 16.5 மி.மீ. 1435 மி.மீ. பாதை உள்ள நாடுகளுக்கு அது சரி. நம் அகலப்பாதை 1676, அதற்கு 19-க்கு மேல் வேண்டும். மீட்டர்கேஜுக்குப் பதினொன்றரை. இரண்டுக்கும் சேராது. ‘N’ ஸ்கேலில் மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம் ஒன்று மட்டும் வாங்கி வாருங்கள். மேல்கூடு அட்டையில் நானே செய்கிறேன்.

அப்பச்சி (8.02)
என்ன எஞ்சின்?

மெய்யப்பன் (8.03)
ஒய்பி (YP) ரகம், அப்பச்சி. நீராவி. சக்கர அமைப்பு 4-6-2.

அப்பச்சி (8.11)
அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான டோக்கனை ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் மாட்டி நீட்டுவார். எஞ்சின் நிற்காது. மேலேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டு போகும். காரைக்குடிக்குப் படிக்கப் போன நாளெல்லாம் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வளையம் இல்லாமல் ஸ்டேஷன் செய்யாதே.

மெய்யப்பன் (8.12)
கண்டிப்பாக வைக்கிறேன் அப்பச்சி.

வள்ளி ஆச்சி (8.30)
எல்லாம் சரி. மாசியில் அப்பச்சிக்கு எழுபது வயதுப் பீமரத சாந்தி. இரண்டாங்கட்டில்தான் பந்தி. அப்போது இந்தப் பலகை எங்கே போகும்?

மெய்யப்பன் (8.41)
அதையும் யோசித்துவிட்டேன் ஆச்சி. 1.2 மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு, அகலம் 40 செ.மீ. போல்ட் போட்டு இணைப்பு. வயருக்கு நடுவில் பிளக். இரண்டு பேர் கழற்றி மேல்மாடியில் வைத்துவிடலாம்.

போன வருடம் மெல்லிய பிளைவுட்டில் போட்டு, ஐப்பசி மழையில் நடுவில் வில்லாக வளைந்து எல்லாம் வீணானது. ரொம்ப வருத்தமாக இருந்தது. இந்த முறை 12 மி.மீ., அடியில் சட்டம், இரண்டு பக்கமும் பெயின்ட். பெயின்ட் அடிக்காத பக்கம் ஈரத்தை இழுக்கும், வளைவது அதனால்தான்.

சொக்கலிங்கம் அண்ணன் (8.50)
கரன்ட்?

மெய்யப்பன் (8.55)
12 வோல்ட் டிசி, பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை. தண்டவாள இணைப்பை மட்டும் நம்பினால் கொஞ்ச நாளில் எஞ்சின் திக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனியாக இரண்டு வயர் பற்றவைப்பேன்.

உமையா, இரு முனையிலும் லூப் இருக்கும். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையில் சுற்றிவந்து மறுபக்கம் மாட்ட வேண்டும். (நிஜ ரயில் அங்கே திரும்பாது, மானாமதுரை வரை போகும். இடத்துக்காக இப்படி.) ஒரு ஸ்டேஷன் உனக்கு, ஒன்று எனக்கு. நீ டோக்கன் கொடுக்காமல் என் ரயில் கிளம்பாது.

உமையாள் (8.57)
அப்படியென்றால் சரி! செட்டிநாடு எனக்கு 🚂

மெய்யப்பன் (9.01)
எடுத்துக்கொள். ஊருணிக்கரைச் செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து ஒரு டப்பா வை. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டினால் நம் ஊர் மண் நம் ஊர் மண்ணாகவே இருக்கும்.

வள்ளி ஆச்சி (9.02)
என் சல்லடை வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பச்சி (10.20)
டேப் வைத்து அளந்தேன். தூணைத் தள்ளி 3.75 மீட்டர் இருக்கிறது. ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கிறது, பலகை அதற்குக் கீழே வரட்டும்.

உமையாள் (10.24)
ஐயா, டோக்கன் வளையம் எவ்வளவு பெரிது?

அப்பச்சி (10.26)
தோளில் மாட்டிக்கொள்கிற அளவு இருக்கும்.

மெய்யப்பன் (10.31)
நமக்கு 3, 4 மி.மீ. பழைய வயரிலிருந்து ஒரு செப்பு இழையை உருவி, பேனா ரீஃபில் மேல் ஒரு சுற்று சுற்று. சரியாக வரும்.