ஆடியில் முல்லைத்தீவுக் கடலில் தூண்டில் போடலாமா?

வவுனியாக் குளத்தான்:
வணக்கம். ஆடியில் இரண்டு கிழமை லீவு கிடைக்கும், மச்சானும் நானும் முல்லைத்தீவுப் பக்கம் தூண்டில் போட யோசிக்கிறோம். இதுவரை குளத்தில் திலாப்பியா பிடித்ததுதான் அனுபவம். கரையில் நின்று எறிந்தால் போதுமா, போட்டில் வெளியே போக வேண்டுமா? போன மார்கழியில் வந்தபோது ஆள் உயரத்துக்கு அலை, வட்டுவாகல் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அளம்பில் கரை:
தம்பி, மார்கழி வாடைக்காலம், அப்போது கடலில் உங்களுக்கு வேலையில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதே, அதுவும் அந்தக் காலம்தான். எங்கள் கடல் அடங்குவது பங்குனி, சித்திரைக்குப் பிறகு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்தால் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பிடித்துவிடும், ஆடியில் நல்ல மீன் இருக்கும்.

ஆனால் சோளகம் இங்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் நின்று பார்த்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், வெளியே போகப் போகத்தான் அலை தெரியும், திரும்பும்போது காற்று நேரே முகத்தில். ஒருமுறை எங்கள் என்ஜின் நின்றுவிட்டது. நங்கூரக் கயிறு நிலத்தைத் தொடவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் கரைப் பனைகள் தீக்குச்சி அளவாகிவிட்டன. பக்கத்தில் வலை இழுத்த போட் ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது, இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இருக்காது. விடிய முதல் வெளிக்கிட்டு, காற்று ஏறுவதற்குள், பத்து மணிக்கு முன் கரையில் நில்லுங்கள். ஊர் ஓட்டி இல்லாமல் போக வேண்டாம், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே வைக்க அல்ல.

அறக்குளா (வஞ்சிரம்) வேண்டுமென்றால் ஓடுகிற போட்டுக்குப் பின்னால் தூண்டிலை இழுங்கள். தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுங்கள், அறக்குளாவும் சீலா மீனும் தங்கூசியை, அதாவது நைலோன் நூலை, கத்தரிக்கோல்போல் வெட்டிவிடும்.

விடத்தல்தீவான்:
எங்கள் மன்னார்ப் பக்கம் இதற்கு நேர் எதிர். சோளகத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும், அதனால்தான் மேற்கிலிருந்து மீனவர்கள் வாடி (தற்காலிகக் குடிசை) போட முல்லைத்தீவுப் பக்கம் நாயாறு, கொக்கிளாய்க்கு வருகிறார்கள். ஆடியில் மன்னாருக்கு வர நினைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், குளத்தில் பழகினவர்கள் போட்டில் ஏறினால் முதல் நாள் சத்தி எடுத்தே முடிந்துவிடும். கரையிலேயே தொடங்குங்கள்.

வவுனியாக் குளத்தான்:
நன்றி அண்ணை. பயமும் வந்துவிட்டது. சரி, கரையில் எந்த நேரம், என்ன இரை?

அளம்பில் கரை:
பொழுது படுகிற நேரம், இல்லாவிட்டால் விடியற்காலை. கணவாய்த் துண்டு நல்லது, தூண்டிலில் நின்று பிடிக்கும். சூடை என்ற சின்ன மீனும் போடலாம், ஆனால் மென்மை, வீசும்போதே பிய்ந்துவிடும். பாரைக் குஞ்சு, விளை கிடைக்கும். கரைவலைக் கயிறு கடலுக்குள் போயிருக்கிற இடத்தில் மட்டும் எறியாதீர்கள், வலைக்காரச் சம்மாட்டி (முதலாளி) ஏசினால் நான் பொறுப்பில்லை. வலை கரை சேரும்போது கூட நின்று ஒரு கை இழுத்துப் பாருங்கள், கறிக்கு மீன் தராமல் அனுப்ப மாட்டார்கள்.