கோடையில் ஓடையில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும்? கணக்கு 36 லிட்டர், ஓடை 21 லிட்டர்

கேள்வி — மடுவோரம்

வணக்கம். நீர்ப்பிடிப்பு 12 சதுர கிலோமீட்டர் உள்ள சின்ன ஓடை. அதிலிருந்து நொடிக்கு 6 லிட்டர் எடுக்கும் மோட்டார் வைக்கலாமா என்று பார்க்கிறேன். ஓடையில் அளவு நிலையம் கிடையாது. கீழே பெரிய ஆற்றில் ஒன்று இருக்கிறது: நீர்ப்பிடிப்பு 180 சதுர கிலோமீட்டர், 19 ஆண்டு தினசரிப் பதிவு. அங்கே 95 சதவீத நாட்களில் நொடிக்கு 540 லிட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. பரப்பு விகிதப்படி என் ஓடைக்கு 36 லிட்டர் வர வேண்டும்.

நேற்று மிதவை விட்டுப் பார்த்தேன். அகலம் 1.4 மீட்டர், சராசரி ஆழம் 9 செ.மீ. 10 மீட்டர் கடக்க காலையில் 43 நொடி, மதியம் 3 மணிக்கு 52 நொடி. மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம், அதைச் சராசரி வேகமாக்க 0.85 ஆல் பெருக்கினால் காலையில் 25 லிட்டர், மதியம் 21 லிட்டர். கோடை இன்னும் பாதிகூட முடியவில்லை! இரண்டு மடுக்களுக்கு நடுவே கூழாங்கல் மேட்டில் மீன்குஞ்சுகள் முதுகு வெளியே தெரிய நெளிந்து போகின்றன. அந்த இடம் அறுந்துபோனால் மேல் மடுவில் உள்ளவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். எந்த எண்ணை நம்புவது?

பதில் 1 — மட்டக்கோல்

22 வருஷம் ஆற்றில் இறங்கி அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓடையை நம்புங்கள். ஆனால் மிதவையை இவ்வளவு நம்பாதீர்கள். 0.85 என்பது ஓரளவு ஆழமாக, சீராக ஓடும் நீருக்கு. 9 செ.மீ. ஆழத்தில் கூழாங்கல் அடிப்பகுதி நீரைப் பிடித்து இழுக்கும், பெருக்கெண் 0.7 பக்கம் இறங்கிவிடும். ஆழத்தில் அரை செ.மீ. பிசகினாலே 5 சதவீதத்துக்கு மேல் போச்சு.

ஒரு தகட்டில் 90 பாகை ‘வி’ வெட்டு போட்டு ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் 2.5 அடுக்கை 1.38 ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். உயரத்தை வெட்டின் வாயில் அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து தாழும். நீர் நிற்கும் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் மேலே தள்ளி அளக்க வேண்டும். விழும் நீருக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இருக்கணும். முக்கியமாக, தகட்டுக்கு அடியில் களிமண்ணை நன்றாக மிதித்து அடையுங்கள். ஒருமுறை அரைநாள் அளந்த பிறகுதான் காலடியில் மணல் குழைந்து நீர் அடியாலேயே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அன்றைய அளவு முழுதையும் அடித்துவிட்டேன்.

காலை, மதிய வித்தியாசத்தைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். கரை மரங்கள் பகலில் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் ஓடை மதியத்துக்கு மேல் இளைத்து, இரவில் தேறும். கோடையில்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

பதில் 2 — ஊற்றுக்கண்

பரப்பு விகிதம் வெள்ளத்துக்கே தடுமாறும், வறட்சிக்குச் சுத்தமாக ஆகாது. மழை நின்று வாரக்கணக்கான பிறகு ஓடுவது பாறையும் மணலும் சேர்த்து வைத்த நீர். ஆற்றின் பகுதியில் ஆழமான சரளைப் படுகை இருந்து, உங்கள் பக்கம் கடும்பாறைமேல் மெல்லிய மண்தான் என்றால், இரண்டும் வற்றும் வேகம் வேறு வேறு.

மழையில்லாத நாட்களாகப் பார்த்து உங்கள் ஓடையை அளந்து, அன்றைக்கே நிலையம் காட்டிய ஓட்டத்தையும் எழுதுங்கள். இரண்டு அச்சிலும் மடக்கை அளவுகோல் வைத்துப் புள்ளியிட்டுக் கோடு இழுங்கள். ஆறு 540 காட்டும்போது ஓடை எவ்வளவு என்று அந்தக் கோடு சொல்லும். பத்துப் புள்ளியாவது வேண்டும், ஒரே கோடையில் எடுத்தவை போதாது.

540 உம் கடைசி எல்லை அல்ல. வருஷத்தில் சுமார் 18 நாள் அதற்கும் கீழே போகும். 19 ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த 7 நாள் சராசரியை எடுத்து ஏறுவரிசையில் வையுங்கள். இரண்டாவது எண், 20 இல் 2 பங்கு (19 ஆண்டோடு ஒன்று கூட்டி 20), ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வறட்சி. அமெரிக்காவில் கழிவுநீர் விட அனுமதி தரும்போது பார்க்கும் அளவு இதுதான்.

பதில் 3 — உப்புக்கரைசல்

தகடு நிறுத்த இடமில்லாதவர்களுக்கு: எடை போட்ட உப்பை வாளியில் கரைத்து மேலே ஊற்றி, நீர் நன்றாகக் கலந்த இடத்தில் மின்கடத்துமானி (நீரில் உப்பு ஏறுவதைக் காட்டும் கருவி) வைத்து 5 நொடிக்கு ஒருமுறை குறியுங்கள். உப்பு எவ்வளவு நீர்த்துப்போனது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். கல்லும் சுழலும் நிறைந்த ஓடைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர் — மடுவோரம்

மூவருக்கும் நன்றி. தகடு போட்டாச்சு. மறுநாள் காலை உயரம் 18 செ.மீ., மதியம் 17.3. அதாவது 19 லிட்டர், 17 லிட்டர். மட்டக்கோல் ஐயா சொன்ன மாதிரியே மதியம் இறங்குகிறது, மிதவை கூட்டித்தான் காட்டியிருக்கிறது.

இதுவரை ஐந்து நாள் சேர்ந்திருக்கிறது, எல்லாம் மதிய அளவு. ஆறு 900 காட்டியபோது ஓடை 17, 780 காட்டியபோது 14. கோட்டை நீட்டினால் 540 க்கு எட்டரை லிட்டர் பக்கம் வருகிறது. 36 எங்கே, எட்டரை எங்கே! அதில் 6 லிட்டரை உறிஞ்சினால் அந்தக் கூழாங்கல் மேடு அன்றே காய்ந்துவிடும். மோட்டார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மழைக்காலத்தில் தொட்டி நிரப்பி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். தகட்டை எடுக்கப் போவதில்லை. மீன் தாண்டிப் போக ஒரு பக்கம் வழி விட்டு, அளக்கும்போது மட்டும் அடைத்துக்கொள்கிறேன்.