வாத்து வேட்டைக்கு 870 துப்பாக்கியின் மேகசின் குழாயில் தோட்டாவைக் குறைக்கும் அடைப்பு (plug): விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டெக்சாஸில் இந்த சீசனில் வாத்து வேட்டைக்குப் போகிறேன். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ், 12 கேஜ் (குழல் அளவு). தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் குழாயில் நாலு தோட்டா போகும். வலசைப் பறவை வேட்டைக்கு அமெரிக்க மத்திய அரசு விதி, சேம்பரில் (சுடத் தயாராக நிற்கும் அறை) இருப்பதையும் சேர்த்து மொத்தமே 3 தோட்டாதான். அதற்காகக் குழாய்க்குள் போடும் அடைப்பு ஒரே துண்டாக, துப்பாக்கியைக் கழற்றாமல் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

எனக்கு வந்த துப்பாக்கியில் அடைப்பு இல்லை. உருண்டை மரக்கட்டை ஒன்றை அறுத்து குழாயின் ஸ்பிரிங்குக்குள் விட்டேன். 3 அங்குலத் தோட்டா இரண்டோடு நின்றுவிடுகிறது, சரி. 2¾ அங்குலம் போட்டால் மூன்றாவதும் அழகாக உள்ளே போய்விடுகிறது, சேம்பரோடு நாலாகிவிடும்! வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் வார்டன் சோதித்தால் அபராதம்தான்.

இதே மாடல் வைத்திருப்பவர்களே, உங்கள் அடைப்பின் நீளம் என்ன? சதுப்பு ஈரத்தில் மரம் ஊதாதா? பிளாஸ்டிக் தடி தேவலையா?