பிள்ளைகளின் நிறப் பேச்சு: பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். போன கிழமை நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, பக்கத்தில் இருந்த சோமாலியப் பிள்ளையிடம் "உன் கை ஊத்தை, தொடாதே" என்றது. நான் திகைத்துப்போய்ப் பேச்சை மாற்றிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

"சின்னப் பிள்ளைகளுக்கு நிறம் தெரியாது" என்கிறார் உடன் வேலை செய்பவர். 1940களிலேயே அமெரிக்காவில் உளவியலாளர்களான கிளார்க் தம்பதியர் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளை வைத்து, தெரியும் என்று காட்டிவிட்டார்களே! (நம் வீடுகளில் மட்டும் என்ன, "வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய்" தானே.)

ஒன்டாரியோவில் பதிவுபெற்ற குழந்தைக் கல்வியாளர்களுக்குத் தொடர் தொழிற்கற்றல் கட்டாயம். இந்த முறை அதில் என் கற்றல் இலக்காக இனவாத எதிர்ப்பையே எழுதப்போகிறேன். காணொளி பார்த்துச் சான்றிதழ் வாங்குவது வேண்டாம். அந்த நிமிடத்தில் என்ன சொல்வது, அப்புறம் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று பழக்கித் தரும் பயிற்சி, மாலை நேரத்தில், யாருக்காவது தெரியுமா?